பழைய மோட்டார் சைக்கிளும் தோட்டத்து வரலாறும்



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளிக்கூடத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். இன்று நான் பேசப் போகும் வரலாறு பூச்சோங்கில் எங்கள் வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில், அரிசிச் சாக்கினால் மூடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அது என் தந்தையாரின் ஹோண்டா சி 70 மோட்டார் சைக்கிள்.

அப்பா பால்மரம் வெட்டியவர். பூச்சோங் வட்டாரத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் அதிகாலைப் பிரட்டுக்குப் போய், நண்பகலில் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் வாழ்க்கை. 1981ஆம் ஆண்டில் தவணை முறையில் இந்த வண்டியை, அதுவும் ஒருவர் ஓட்டி விற்றதை, வாங்கினார். அவர் காலமான பின் அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. சென்ற ஆண்டு தம்பி வந்தான். "அண்ணே, இந்த மாதிரி வண்டிக்கு இப்போ நல்ல விலை. ஒருத்தர் கேட்கிறார், கொடுத்திடலாம்" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சாக்கை இழுத்துச் சரியாக மூடிவிட்டு வந்தார். விற்பதற்கு முன் ஒரு முறையாவது ஓட வைத்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். தம்பி சரி என்றான். ஆறு மாதத் தவணை கொடுத்தான்!

வேலையைத் தொடங்குமுன் இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்று படிக்கத் தொடங்கினேன். ஆசிரியர் தொழிலின் பழக்கம் அது.

ஜப்பானில் ஷிசுவோக்கா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் 1906ஆம் ஆண்டு ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் சொய்ச்சிரோ ஹோண்டா. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946இல், இராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு இஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றை வாங்கிச் சாதாரண சைக்கிள்களில் பூட்டி விற்றார். 1948இல் ஹோண்டா நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டு தக்கியோ புஜிசாவா என்பவர் அவரோடு சேர்ந்தார். ஹோண்டாவுக்கு இஞ்சின் தெரியும், கணக்கு வராது. புஜிசாவாவுக்கு வியாபாரம் தெரியும். இருவரும் 1956இல் ஐரோப்பா சென்று அங்கிருந்த சிறு மோட்டார் சைக்கிள்களைச் சுற்றிப் பார்த்தார்கள்.

புஜிசாவா கேட்டது என்ன தெரியுமா? மீ கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக் கொண்டு, மறு கையால் மட்டும் ஓட்டிப் போகக் கூடிய வண்டி வேண்டும் என்றார். இந்தக் கோரிக்கையிலிருந்துதான் 1958ஆம் ஆண்டு சூப்பர் கப் என்ற வண்டி வெளிவந்தது. இடது கையால் பிடிக்க வேண்டிய கிளட்ச் அதில் இல்லை. இஞ்சினின் வேகம் கூடும்போது கிளட்ச் தானே பிடித்துக் கொள்ளும், வேகம் குறைந்தால் தானே விட்டுவிடும். காலால் மிதித்தால் கியர் மாறும். இஞ்சினைப் படுக்கை வாட்டில் கீழே வைத்ததனால் நடுவில் கால் தூக்காமலே ஏற இடம் கிடைத்தது. கைலி கட்டியவரும் சேலை கட்டியவரும் ஏறலாம். காலில் சேறு தெறிக்காமல் இருக்க முன்புறம் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு. சேற்றுப் பாதைக்கு ஏற்றாற்போல் பெரிய சக்கரங்கள். ஜப்பானிய மீ கடைக்காக நினைத்துச் செய்தது நம் ரப்பர்க் காட்டுச் செம்மண் பாதைக்கு அளவெடுத்துத் தைத்தது போல் அமைந்துவிட்டது. 2017ஆம் ஆண்டுக்குள் இந்த இனத்து வண்டிகள் உலகெங்கும் 10 கோடி செய்யப்பட்டுவிட்டன.

நம் நாட்டுக்கு இதைக் கொண்டு வந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. 1915இல் சீனாவின் புக்கியான் மாநிலத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பினாங்கில் வந்து இறங்கியவர். பஸ் கழுவும் வேலையும் மெக்கானிக் வேலையும் செய்து, பின்னர் பஸ் கம்பெனிக்கே முதலாளியானவர். 1950களின் இறுதியில் ஜப்பானுக்குப் போனபோது இந்த வண்டியைக் கண்டு, மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றார். வட்டாரத்தில் வண்டியையே "பூன் சியூ ஹோண்டா" என்று அவர் பெயரால் அழைத்தார்கள். கப் என்ற பெயரோடு சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டிக் கொண்டதே இன்று நாம் சொல்லும் "கப்சாய்" என்பர். மோட்டார் சைக்கிளின் பேரில் மூன்று இனத்தாரும் பொதுவாக வைத்துக் கொண்ட சொல் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

அதற்கு முன் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. துரைமார்களும் பெரிய கிராணிமார்களும் ஆங்கிலேய நாட்டு வண்டிகளை ஓட்டினார்கள். பி.எஸ்.ஏ.யின் சத்தத்தைக் கேட்டு வேலைக்காட்டில் ஆள்கள் நிமிர்ந்து நின்ற கதையை எங்கள் தாத்தா சொல்லுவார். தொழிலாளிக்குக் கால்நடையும் சைக்கிளும்தான். தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே நிலைமை. சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட் முதலில் இராணுவத்துக்காக வந்ததே தவிர, வயல்காட்டுத் தொழிலாளிக்காக அல்ல. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி 1970இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை என்பது தனிக் கதை. இன்னொரு நாள் பேசலாம்.

வண்டியின் டயரைக் கழற்றிய நாளில் என் மனம் வேறு எங்கோ போய்விட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்தார். பிறகு சைக்கிள், அதன் பின் மோட்டார் வண்டி. எல்லாவற்றுக்கும் ரப்பர் வேண்டியிருந்தது. பிரேசிலிலிருந்து 1876இல் விக்கம் என்பவர் கொண்டு போன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி கண்டறிந்தார். 1890களின் நடுவில் காஜாங்கிலும் மலாக்காவிலும் ரப்பரை வியாபாரமாகப் பயிரிட்டார்கள். காஜாங் இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. 1910இல் ரப்பர் விலை உச்சிக்கு ஏறியது. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தார்கள். எங்கள் தாத்தாவின் தகப்பனார் அப்படித்தான் கப்பலேறினார். ஆக, உலகத்து வண்டிகளுக்கு டயர் தேவைப்பட்டதால் நாம் இங்கே வந்தோம். நம் ஆள் ஒருவர் அதே டயர் பூட்டிய வண்டியில் ஏறி உட்கார எழுபது ஆண்டுகள் ஆயின. கழற்றிய டயரைக் கையில் வைத்துக் கொண்டு நெடுநேரம் நின்றிருந்தேன். அம்மா வந்து, "என்னய்யா, டயரோட பேசிக்கிட்டு இருக்கே?" என்று கேட்ட பிறகுதான் வேலை தொடர்ந்தது.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேட்டுக் கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த தவறு. ஆர்வத்தில் கைக்குக் கிடைத்த ஸ்குரூ டிரைவரால் இஞ்சின் மூடியைத் திறக்கப் போனேன். இரண்டு ஸ்குரூவின் தலை மழுங்கிப் போயிற்று. ஜப்பானிய ஸ்குரூவின் கூட்டல் குறிப் பள்ளம் மற்ற நாட்டு ஸ்குரூவின் பள்ளத்திலிருந்து சற்றே வேறுபட்டது. அதற்கேற்ற டிரைவரை அழுத்தமாக வைத்து, பின்னால் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் எத்தனை இஞ்சின் மூடிகள் பாழாயினவோ.

இருபது ஆண்டு நின்ற இஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு துருவினால் பிடித்துக் கொண்டிருக்கும். கிக்கரை மிதித்தால் கல் போல் நிற்கும். பலம் காட்டக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே மெல்லிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். நான் தினமும் பள்ளி விட்டு வந்ததும் சில துளி ஊற்றி, இடப்பக்கத்து மேக்னெட் சக்கரத்து நட்டில் ஸ்பேனரை வைத்து முன்னும் பின்னும் இலேசாக அசைத்துப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் ஒரு நூலளவு நகர்ந்தது. அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

இந்த இஞ்சின் சட்டத்தில் இரண்டே போல்ட்டுகளில் தொங்குகிறது. அவற்றைக் கழற்றி இறக்கி வைத்த அன்று எங்கள் பள்ளி ஆறாம் வகுப்பு மாணவர் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சிலிண்டரின் உள்வாய் அகலம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 41.4 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் கணக்கிடச் சொன்னேன். அகலத்தில் பாதி 2.35 செண்டிமீட்டர், அதை அதனாலேயே பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4.14ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 72 கன செண்டிமீட்டர் வரும். "சார், அதனாலதான் செவண்டியா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கரும்பலகையில் அந்தப் பாடத்தை எத்தனையோ ஆண்டுகளாக நடத்துகிறேன். அப்படி ஒரு கேள்வி அங்கே வந்ததில்லை.

பெட்ரோல் டெங்கி ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. உள்ளே துரு. சிறு நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அடுப்பும் சிகரெட்டும் அருகே வரக் கூடாது. வெறும் டெங்கிதானே என்று நெருப்பு வைத்து ஒட்டப் போகாதீர்கள். பெட்ரோல் நிறைந்த டெங்கியைவிட ஆவி மட்டும் நிறைந்த டெங்கி ஆபத்தானது. கார்பரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின் போல் காய்ந்திருந்தது. அதன் சிறு துளைகளில் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும், தூண்டில் நரம்பு போதும். பிரேக் கட்டையின் தூளை வாயால் ஊதாதீர்கள். அந்தக் காலத்துக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது, அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டித் தூர எறிந்துவிட வேண்டும். மேக்னெட்டுக்கு உள்ளிருக்கும் பாயிண்டைத் தேய்த்து, இடைவெளி 0.3இலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்குமாறு வைத்தேன். பிளக்கில் பொறி வந்தது, நீல நிறத்தில்.

இதுவரை எல்லாம் மெக்கானிக் வேலை. வரலாற்று வேலை அதன் பிறகுதான் வந்தது.

கால் மறைப்பு பிளாஸ்டிக் மஞ்சள் பூத்து, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. புதியது கடையில் கிடைக்கிறது. தூக்கி எறியலாம் என்று கழற்றித் திருப்பியபோது, உட்புறத்தில் ஆணியால் கீறிய எண்களைப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தேதிகள். அப்பாவின் கையெழுத்து. ஐந்தை அவர் எப்போதும் தலைகீழ் கொக்கி போல் எழுதுவார். என்ன தேதிகள் என்று முதலில் புரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். "எண்ணெய் மாத்துற நாளு. பேப்பர்ல எழுதினா தொலைஞ்சு போயிடும்னு அதுல கீறி வைப்பாரு" என்றார்.

1983 முதல் 1998 வரை. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தேதி. அவற்றை ஒரு தாளில் ஆண்டு வாரியாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேதி இல்லை. ஓராண்டு இல்லாவிட்டால் மறந்திருப்பார் எனலாம். பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அதே மாதங்களில் எப்படி மறப்பார்?

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அது மரம் இலையுதிர்க்கும் காலம். பால் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும். வீட்டில் அரிசிக்குப் போக எண்ணெய்க்குக் காசு மிஞ்சாது. தொழிலாளிக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிற்சங்கம் நெடுங்காலம் கேட்டு வந்ததன் காரணத்தை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அந்தக் காரணம் எங்கள் வீட்டு வண்டியில், என் காலுக்கு நேரே கீறப்பட்டிருந்தது. பள்ளிக்குப் பின்னால் உட்கார்ந்து போன பையன் நான். அந்த இரண்டு மாதங்களில் இஞ்சின் கரகரவென்று சத்தமிட்டது எனக்கு நினைவிருக்கிறது. "இன்னிக்குக் கொஞ்சம் மெதுவா போவோம்" என்பார் அப்பா. காரணம் சொன்னதில்லை.

1995இலிருந்து கணக்கு மாறுகிறது. பிப்ரவரியிலும் தேதி உண்டு, மார்ச்சிலும் உண்டு. அந்தச் சமயம் எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். மரங்கள் சாய்ந்தன. லயங்களை விட்டு மலிவு விலை அடுக்கு வீட்டுக்கு மாறினோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலுக்குப் போனார். மாதச் சம்பளம். எண்ணெய் மாற்றக் காசு இருந்தது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. அது மட்டும் பிளாஸ்டிக்கில் கீறப்படவில்லை.

பூச்சோங்கின் மற்ற மாற்றங்களைப் புத்தகங்களில் காணலாம். 1999இல் டாமன்சாரா பூச்சோங் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது, 2016இல் இரயில் வந்தது. ஈயக் குட்டைகள் இருந்த இடத்திலும் ரப்பர்க் காடு இருந்த இடத்திலும் இன்று கடைவீதிகள் நிற்கின்றன. சில தமிழ்ப் பள்ளிகளின் பெயரில் மட்டும் பழைய தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரு தொழிலாளியின் வீட்டில் எந்த மாதம் காசு இருந்தது, எந்த மாதம் இல்லை என்பதை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

தம்பிக்கும் எனக்கும் இதில் வாக்குவாதம் நடந்தது. பளபளவென்று புதுச் சாயம், புது மறைப்பு போட்டால்தான் விலை கிடைக்கும், பார்க்கவும் அழகு என்பது அவன் பக்கம். ஓட வேண்டிய பாகங்களை மாற்றலாம், நினைவு படிந்த பாகங்களை மாற்றக் கூடாது என்பது என் பக்கம். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது; விரிசல் விட்ட மறைப்பு ஓடும்போது உடைந்து சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆவது? கடைசியில் புது மறைப்பை வண்டியில் பூட்டினோம். பழையதைச் சோப்பு நீரால் மட்டும் கழுவி, அம்மாவின் அலமாரிக்குப் பின்னால் நிற்க வைத்தோம். அடிச்சாயத்துக்கு மட்டும் துருவெடுத்து, அதே நீல நிறம் பூசினேன். கண்ணாடி, சங்கிலி, டயர், பிரேக் கட்டை, பேட்டரி எல்லாம் புதியவை. தலைக்கவசமும் புதியது. 1973ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் அது கட்டாயமாயிற்று என்பதை, கடைக்குத்தானே என்று வெறுந்தலையோடு கிளம்பும் நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டிவிடுகிறேன்.

ஆறாம் மாதம் மூன்றாம் வாரம், ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஏழாவது மிதியில் இஞ்சின் பிடித்தது. முதலில் நீலப் புகை, பிறகு அந்தப் பழைய சத்தம். அம்மா அடுப்படியில் இருந்தவர் கையைத் துடைத்துக் கொண்டு வந்து வாசலில் நின்றார். "இன்னும் கொஞ்சம் மெதுவா வை. அவரு இவ்வளவு வேகத்துல வைக்க மாட்டாரு" என்றார். ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்பினேன். "ம், இதான்" என்றார்.

வண்டி இன்னும் சாலைக்கு வரவில்லை. பதிவுச் சான்று அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டால் வாரிசுரிமைப் பத்திரம் பெற்ற பிறகுதான் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயரை மாற்ற முடியும். சட்டத்திலும் இஞ்சினிலும் பொறித்த எண்கள் சான்றிலுள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும்; ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சாயம் பூசும்போது அந்த எண்களைத் தேய்த்துவிடாதீர்கள். அந்தச் சான்றையும், மங்கிப் போயிருந்தாலும், எறிந்துவிடாதீர்கள். எங்கள் பத்திரத்துக்கு அம்மாவும் நானும் தம்பியும் கையொப்பம் இட்டாயிற்று. கிள்ளானில் இருக்கும் அக்காவின் கையொப்பம் பாக்கி. வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் போய் வாங்கி வரலாம் என்றிருக்கிறேன். தம்பியும் கூட வருகிறேன் என்கிறான். விற்கும் பேச்சை அவன் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது.